நகரத் தெருவும் ஓவியக் கண்ணும்

"கொரட்டூரில் ஓவியன் வரைதற்கு யாது உளது?" என வினவுவார் பலர். மலை இல்லை, கடல் இல்லை, ஆயிரங்கால் மண்டபமும் இல்லை. ஏரியும், இருப்புப்பாதையும், நெருங்கிய வீடுகளும், கடைத்தெருவுமே உள்ளன. இவ்வினா ஊரின் குறையைக் காட்டுவதன்று. வினவுவாரது பார்வையின் குறையையே காட்டுவது. அஃது எங்ஙனமென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், ஐரோப்பிய ஓவியம் ஒன்றை நோக்குவோம். பிளாந்தர் நாட்டினராகிய பீட்டர் புரூகல் என்பார் 1560-ஆம் ஆண்டில் 'சிறுவர் விளையாட்டுக்கள்' என்னும் படத்தை எழுதினார். அஃது இப்பொழுது வியன்னா நகரத்துக் கலைக் காட்சிச்சாலையில் உளது. அரசரும் அடியாரும் அதன்கண் இலர். நகரத் தெரு ஒன்றில் இருநூற்றின் மேற்பட்ட சிறார், ஏறத்தாழ எண்பது வகை ஆட்டங்களை ஆடுகின்றனர். வளையம் உருட்டுவார் சிலர். பச்சைக்குதிரை தாண்டுவார் சிலர். பொய்க்கால்மீது நடப்பார் சிலர். படத்தின் கீழ் மூலையில் சிறுமியர் இருவர் சிற்றெலும்புகளை எறிந்து பிடித்து ஆடுகின்றனர். அவரைக் காணுங்கால், நம் சிறுமியரின் ஐந்தாங்கல்லும், சங்கநூல்கள் கூறும் கழங்காட்டமும் நினைவிற்கு வாராதிரா. பெரியோர் தம் தொழிலின்பொருட்டு அமைத்த வேலியும் பீப்பாயும் அங்கே குழந்தைகளுக்குக் குதிரைகளாகின்றன. நகரத்தை இங்ஙனம் இரண்டாம் முறை படைப்பது விளையாட்டு. அப்படைப்பை அழியாது காப்பது ஓவியம்.

இனி, நம் நாட்டுச் சான்று ஒன்று கூறுவாம். மனோகர் தேவதாஸ் என்பார் 1936-ஆம் ஆண்டில் மதுரையிற் பிறந்தவர். அந்நகரத்து அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். தொழிலால் இரசாயன நூல் வல்லுநர். ஓவியத்தைத் தாமே பயின்றவர். விழித்திரையை மெல்ல மெல்ல அழிக்கும் நோயொன்று அவரைப் பற்றியது; ஆண்டுகள் செல்லச் செல்லப் பார்வை சுருங்கியது. 1972-இல் நேர்ந்த கார் விபத்தினால் அவர்தம் மனைவியார் மஹிமா, தோளுக்குக் கீழ் உடல் செயலற்றவரானார். இத்துணை இடரிடையேயும், வலிய ஒளியையும் கண்ணாடிகளையும் துணைக்கொண்டு, மயிரிழை போன்ற கோடுகளால் அவர் தம் மதுரையை வரைந்தார். 1997-இல் வெளிவந்த 'கிரீன் வெல் இயர்ஸ்' என்னும் அவரது ஆங்கில நூல், மதுரைச் சிறுவன் ஒருவனது இளமையை அவரே வரைந்த சித்திரங்களோடு கூறுவது. 2020-இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2022-இல் அவர் மறைந்தார். இளமையில் ஊன்றிப் பார்த்தவையே பின்னர் அவர் கைக்கு முதலாயின என்பது நாம் கருதற்பாலது.

இவ்விரு சான்றுகளையும் கொண்டு கொரட்டூருக்கு மீள்வோம். இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை 1856-இல் திறக்கப்பெற்ற இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்வது. பாதைக்கு வடபால் ஏரி பரந்துள்ளது. 2011-இல் இப்பகுதி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. காலியிடங்கள் வீடுகளாயின, கோலியும் கிட்டிப்புள்ளும் ஆடிய தெருவோரங்களில் இன்று வண்டிகள் நிறுத்தப்பட்டுள்ளன.

ஆகவே, ஓவியம் பயில விரும்பும் மாணாக்கர் பின்வருமாறு செய்வாராக. ஒரு தெருமுனையைத் தேர்ந்து, நிழற்படக் கருவியை எடாது, ஒரு நாழிகை அமர்ந்து நோக்குக. திண்ணை, குழாயடி, மதிற்சுவர் ஆகியவற்றைக் குழந்தைகள் யாதாக மாற்றுகின்றனர் என்பதைக் குறிக்க. அவ்விடத்து முதியோர் ஒருவரை அணுகி, "தாங்கள் சிறுவயதில் இங்கே என்ன விளையாடினீர்கள்?" எனப் பணிவுடன் கேட்க. அவர் கூறுவதை மெல்லிய கரிக்கோட்டாலும், இன்றுள்ளதை வண்ணத்தாலும் ஒரே தாளில் எழுதுக. கை திருந்தாமை பற்றி நாணற்க. பார்வை திருந்தின் கை பின்தொடரும்.

தேவதாஸ் அவர்களுக்கு ஊர் நின்றது, கண் மறைந்தது. நமக்கோ கண் நிற்கின்றது. ஊர் நாளும் மாறுகின்றது. இரண்டும் ஒருங்கே உள்ள பொழுது சிறிதே. அப்பொழுது கழியுமுன் தாளும் கோலும் எடுத்து நம் தெருவிற்கு இறங்குவோமாக.