மெட்ராஸ் ஐ: அறிவதும் ஆற்றுவதும்

கேள்வி: கண் சிவந்து நீர் வடிந்தால் மெட்ராஸ் ஐ-தானா? என்ன மருந்து போடலாம்?
– வாசகர், எம்.கே.பி. நகர், சென்னை

பதில்: மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வரும் தொற்று. ஒரு கண்ணில் தொடங்கி, சில நாளில் மறு கண்ணுக்கும் பரவும். கண் சிவந்து, நீர் வடிந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும். சில சமயம் காதுக்கு முன்னால் நெறி கட்டும். நாள் முழுக்க மஞ்சள் பீளை தள்ளி, இமைகள் ஒட்டிக்கொண்டால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். இரு கண்ணிலும் அரிப்பே மிகுந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம்.

வைரஸ் தொற்று பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். சுத்தமான ஈரத்துணி ஒத்தடம் எரிச்சலைத் தணிக்கும். ஆன்டிபயாடிக் சொட்டு பாக்டீரியாவுக்குத்தான், வைரஸுக்குப் பயன்படாது. மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு போடுவது ஆபத்து. தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடக் கூடாது.

பார்ப்பதால் இது பரவாது. கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை வழியே பரவும். அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்; துண்டு தனியாக இருக்க வேண்டும்.

கடும் வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் இருந்தாலோ, காண்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கோ பச்சிளங்குழந்தைக்கோ கண் சிவந்தாலோ, பட்டறையில் இரும்புத் துகள் தெறித்திருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையின் கண் பிரிவும், 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் உங்கள் பகுதிக்கு அருகில் உள்ளன.