பிரித்தால் நிற்காதா கியர்பாக்ஸ்?

ஆட்டோமேட்டிக் கார் இழுக்க மறுத்தாலோ, கியர் மாறும்போது உதறினாலோ உரிமையாளரின் காதில் முதலில் விழுவது, “பிரிச்சா நிக்காது சார், மொத்தமா மாத்திடுங்க” என்ற பேச்சுதான். சர்வீஸ் சென்டரிலும் இதையே சொல்கிறார்கள், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் இதையே சொல்கிறார்கள். சோதித்துப் பார்க்காமலே சொல்லப்படும் இந்த ஒரு வாக்கியம் பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைக்கிறது.

கியர்பாக்ஸ் சீல் வைத்த ஒற்றைப் பொருள் இல்லை. டார்க் கன்வெர்ட்டர், ஆயில் பம்ப், கிளட்ச் தகடுகள், பிளானட்டரி கியர்கள், வால்வ் பாடி, சொலினாய்டுகள், இவற்றை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் என்று தனித்தனி உறுப்புகள் சேர்ந்ததுதான் ஆட்டோமேட்டிக். இதில் கியர்ப் பல் உடைவது அபூர்வம். பெரும்பாலும் போவது கிளட்ச் தகடு, ரப்பர் சீல், சொலினாய்டு. பல மாடல்களில் வால்வ் பாடியை எடுக்க கியர்பாக்ஸை இறக்கக்கூடத் தேவையில்லை. அடியில் உள்ள ஆயில் பேனைக் கழற்றினாலே போதும்.

ஏஎம்டி வண்டிகளில் இந்தப் பேச்சு இன்னும் அபத்தமானது. 2014-இல் செலெரியோ வழியாக இந்தியாவில் பரவத் தொடங்கிய இந்த வகையில் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை அழுத்துவதும் கியர் போடுவதும் ஆக்சுவேட்டரின் வேலை. கியர் விழவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்சையும் ஆக்சுவேட்டரையும்தான்.

2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஜி என்ற தன் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், உள்ளே இருந்த சிந்தெட்டிக் ஆயிலால் மின்கோளாறு ஏற்படக்கூடும் என்பது காரணம். அதற்கு அந்த நிறுவனம் செய்தது, அந்த ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. தயாரித்தவர்களே கோளாறு எங்கே என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்யும்போது, பார்க்காமலே முழு கியர்பாக்ஸுக்கு விலை சொல்வதை எப்படி ஏற்பது?

பிரித்து வேலை பார்த்த கியர்பாக்ஸ் சில மாதங்களில் மறுபடி படுப்பது உண்டு. பிரித்ததா காரணம்? தேய்ந்த தகடுகளின் துகள் ஆயில் கூலரிலும் டார்க் கன்வெர்ட்டரிலும் தங்கிவிடும். கூலரைக் கழுவாமல், கன்வெர்ட்டரை மாற்றாமல் பூட்டினால் அந்த அழுக்கு மறுபடி வால்வ் பாடிக்குள் ஏறும். புத்தம்புது கியர்பாக்ஸ் போட்டாலும் இதே கதிதான்.

ஆகவே முதல் செலவு சோதனைக்கு ஆக வேண்டும். ஸ்கேனரில் வரும் கோளாறு எண்களை எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு ஆயில் பேனைக் கழற்றி, அதனுள் இருக்கும் காந்தத்தை உரிமையாளர் கண்முன்னே காட்ட வேண்டும். அதில் மை போன்ற சாம்பல்நிறப் பசை மெல்லியதாகப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். மின்னும் உலோகச் சில்லுகள் கிடந்தால் உள்ளே கடினமான பாகம் ஏதோ உடைந்திருக்கிறது. ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. மேனுவலில் காதே பாதி சோதனையைச் செய்துவிடும்: நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங், மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. “லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்” என்பது தவறு; பல கார் நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்துதரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஆயில் மாற்றியதால் கியர்பாக்ஸ் போனது என்பவர்கள் பெரும்பாலும் அது வழுக்கத் தொடங்கிய பிறகு மாற்றியவர்கள். அதே மாடல் என்றால் செகண்ட்ஹேண்ட் கியர்பாக்ஸ் பொருந்தும் என்பதும் பொய். இன்ஜினுக்கு ஏற்ப பல் விகிதமும் கம்ப்யூட்டர் புரோகிராமும் மாறும், கியர்பாக்ஸ் மேலுள்ள குறியீட்டு எண் ஒத்துப்போக வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்குவோர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பாகமா என்றும் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் காற்றுத்துளையான பிரீதர் வழியாகத் தண்ணீர் புகுந்தால் ஆயில் பால் கலந்தாற்போல் மாறும்; கிளட்ச் தகடுகளில் ஒட்டிய உராய்வுப் பட்டை உரிந்துவரும்.

மொத்தமாக மாற்றும் பழக்கம் வேரூன்றியதற்கு உதிரிபாகம் கிடைக்காததும் ஒரு காரணம். வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் சோதனைக் கருவியும் எளிதில் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. பழுதுபார்க்கும் தகவலும் சீல் கிட்டும் ஊர் மெக்கானிக்கின் கைக்கு வந்தே தீர வேண்டும். கார் வாங்குபவர்கள் இதை உரிமையாகக் கேட்க வேண்டும்.

மொத்தமாக மாற்றுவது சரியான வழியாகும் இடங்களும் உண்டு. வெளிக்கூடு விரிசல் விட்டிருந்தால் மாற்றலாம். சிவிடி வகை ஆட்டோமேட்டிக்கில் எஃகு பெல்ட் வழுக்கிப் புல்லியைக் கீறிவிட்டால் பெல்ட், புல்லி இரண்டின் விலையே முழு யூனிட்டை நெருங்கிவிடும், அப்போதும் மாற்றலாம். அந்த நிலையில் உத்தரவாதத்தோடு வரும் ரீகண்டிஷன் கியர்பாக்ஸ் நல்ல தேர்வு. உத்தரவாதச் சீட்டில் கால அளவு, கூலி யார் பொறுப்பு, கூலரைக் கழுவிய விவரம் மூன்றும் இருக்க வேண்டும். பூட்டிய பிறகு கம்ப்யூட்டரில் அடாப்டேஷன் செய்து, நிறுவனம் குறிப்பிட்ட வெப்பநிலையில் ஆயில் அளவைச் சரிபார்த்த பின்பே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.