இருவர் எழுதும் ஒரு கட்டுரை

நுழையும்முன்
ஒருவர் எழுதியதை வேற்றுமொழியினர் படிக்கும்போது பல கேள்விகள் எழுகின்றன. அக்கேள்விகள் எழுதியவருக்கே தெளிவைத் தருகின்றன. இக்கருத்தின் அடிப்படையில் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் எழுத்துப் பயிற்சியை இப்பாடம் விளக்குகிறது.

மொழிகள் கூடும் நகரம்
கொல்கத்தா பல மொழியினர் கூடி வாழும் நகரம். இந்நகரின் பல்கலைக்கழகங்களும் ஒரு மொழிக்குள் அடங்கிவிடவில்லை. 1857இல் தோன்றிய கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில், அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1919இல் இந்திய மொழிகளுக்கான முதுகலைப் படிப்பு தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த மாணவர், முதன்மையாக ஒரு மொழியைக் கற்பதோடு மற்றோர் இந்திய மொழியையும் கற்க வேண்டியிருந்தது. 1956இல் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் கவிஞர் புத்ததேவ போஸ் ஒப்பிலக்கியத் துறையை நிறுவினார். இந்தியாவில் அவ்வகையில் அமைந்த முதல் துறை அதுவே. தன் மொழியை நன்கு அறிய விரும்புபவர், பிறிதொரு மொழியின் பக்கம் நின்றும் அதைப் பார்க்க வேண்டும் என்பதை இவ்விரு முயற்சிகளும் உணர்த்துகின்றன.

கடல் கடந்த வகுப்பு
இதே கருத்து வேறு நாடுகளில் எழுத்துப் பயிற்சியாக வளர்ந்தது. 1999–2000ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவின் எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றும் பெல்ஜியத்தின் மொழிபெயர்ப்பு வகுப்பு ஒன்றும் மின்னஞ்சல் வழியாக இணைந்தன. பின்னர்ப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இத்திட்டத்தில் சேர்ந்தன. ஒரு செயலைச் செய்யும் முறையை விளக்கி அமெரிக்க மாணவர் ஆங்கிலத்தில் எழுதுவார். பெல்ஜிய மாணவர் அதைத் தம் மொழியில் பெயர்ப்பார். பொருள் விளங்காத இடங்களில் அவர் தாமாக ஊகித்து எழுதுவதில்லை, எழுதியவரிடமே கேட்பார். அக்கேள்விக்கு விடை தேடும்போதுதான், தம் வாக்கியம் இருபொருள் தருவதை எழுதியவர் காண்பார். பின்னர் அதைத் திருத்துவார்.

தமிழும் வங்கமும்
இம்முறையில் தமிழ் மாணவர் ஒருவரும் வங்க மாணவர் ஒருவரும் இணைவதாகக் கொள்வோம். தமிழ் மாணவர், "அந்த எழுத்தாளர் மீது எனக்கு அபிமானம் உண்டு" என எழுதுகிறார். வங்க மாணவர் வியப்புடன், "அவர் உன்னை எவ்வாறு புண்படுத்தினார்?" என வினவுகிறார். தமிழில் 'அபிமானம்' பற்றையும் மதிப்பையும் குறிக்கும். வங்காளத்தில் 'அபிமான்' என்பது, அன்புக்குரியவர் நம்மைப் பொருட்படுத்தாதபோது உண்டாகும் மனவருத்தத்தைக் குறிக்கும். 'ராகம்' என்னும் சொல்லும் அத்தகையதே. தமிழருக்கு அது இசை. வங்கத்தின் அன்றாடப் பேச்சில் 'ராக்' என்றால் சினம்.

சில சொற்களுக்கு மறுமொழியில் இணைச்சொல்லே இராது. 'முறைப்பெண்' என்பதை வங்காளத்தில் ஒரே சொல்லால் பெயர்க்க இயலாது. அங்குத் தமிழ் மாணவர் உறவுமுறையை விளக்கி ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். சில இடங்களிலோ எதிர்பாராத ஒற்றுமை வெளிப்படும். வங்காளத்தில் நீரையும் 'உண்பதாகவே' கூறுவர். அதைக் கேட்டு நகைக்கும் தமிழ் மாணவர், தம் வீட்டில் விருந்தினரிடம் "காபி சாப்பிடுங்கள்" என்று சொல்வதை எண்ணிப் பார்த்தால் நகைப்பை நிறுத்திவிடுவார். மங்கல நிகழ்ச்சிகளில் தமிழ்ப் பெண்கள் இடும் குலவையும் வங்கப் பெண்களின் உலுத்வனியும், தரையில் இடும் கோலமும் ஆல்பனாவும் இத்தகைய உறவுடையனவே.

கேட்பவரின் கடமை
இப்பயிற்சியில் ஒரு நெறியைத் தவறாது பின்பற்ற வேண்டும். படிப்பவர் கேள்வி கேட்கலாம். எழுதியவருக்காகத் தாமே எழுதிவிடலாகாது. 'முறைப்பெண்' என்பதை நீக்கிவிட்டுத் 'தோழி' என்று மாற்றினால் வாக்கியம் எளிதாகும். ஆனால் அதில் இருந்த வாழ்க்கை மறைந்துவிடும்.

இரு கரைகளையும் அறிந்தோர் இதனை நன்கு செய்தனர். த.நா. குமாரசாமியும் அவர் தம்பி த.நா. சேனாபதியும் வங்க இலக்கியங்களைத் தமிழுக்குத் தந்தனர். கொல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி, தமிழிலிருந்து வங்காளத்திற்கும் வங்காளத்திலிருந்து தமிழுக்கும் நூல்களைப் பெயர்த்தார்.

வீட்டில் தமிழும் வெளியில் வங்காளமும் பேசி வளரும் பிள்ளை, இரண்டையும் அரைகுறையாக அறிந்தவர் எனச் சிலர் கருதுவதுண்டு. உண்மையில், இரு மாணவர் சேர்ந்து செய்யும் பணியின் தொடக்கம் அப்பிள்ளையிடமே இருக்கிறது. எனினும் பேச்சு மட்டும் போதாது. தமிழை எழுதவும் படிக்கவும் கல்லாதவர், வங்க நண்பரின் கேள்விக்கு விடை அளிக்க இயலாமல் நிற்பார். அவ்விடை கிடைக்காதபோது இரு மொழிகளுமே ஒரு சொல்லின் பொருளை இழக்கின்றன.

சொற்பொருள்
ஒப்பிலக்கியம் – இரு மொழி இலக்கியங்களை ஒப்பிட்டு ஆராயும் கல்வி
குலவை – நாவை அசைத்துப் பெண்கள் எழுப்பும் மங்கல ஒலி
நெறி – ஒழுங்குமுறை

வினாக்கள்
1. 1919இல் தொடங்கிய முதுகலைப் படிப்பின் சிறப்பு யாது?
2. 'அபிமானம்' என்னும் சொல் இரு மொழிகளிலும் எவ்வாறு வேறுபடுகிறது?
3. படிப்பவர் தாமே திருத்தி எழுதக்கூடாது என்பது ஏன்? உம் கருத்தைக் கூறுக.

செயல்பாடு
உம் வீட்டு விழா ஒன்றைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக. அதை வங்க நண்பர் ஒருவருக்கு அவர் மொழியில் எடுத்துரைத்து, அவர் கேட்கும் மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்க. அவற்றுக்கு விடை அமையுமாறு கட்டுரையைத் தமிழில் மீண்டும் எழுதுக.