ஒரு ஞாயிறு, ஓர் ஊர், ஒரு வேளைச் சாப்பாடு

திருப்பூர் பனியன் தொழிலில் ஓய்வு என்றால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வரும். திங்கட்கிழமை காலையில் மறுபடி மெஷின் முன்னால் உட்கார வேண்டும். இடைப்பட்ட ஒரு நாளில் தூக்கம், துணி துவைப்பு, மளிகை எல்லாம் முடிய வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் வாரங்களில் அந்த ஞாயிறும் வேலைநாளாகிவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற டெய்லருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் மட்டுமல்ல, சிறு கம்பெனி முதலாளிக்கும் இதே நிலைதான். அதனால் இந்த வட்டாரத்தில் வெளியே கிளம்புகிறவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு நேரக் கணக்கு. மூன்று கோயில், இரண்டு அணை, ஒரு அருவி என்று ஒரே நாளில் அடுக்கும் பயணம் வேலையைவிட அதிகம் களைக்க வைக்கும். ஒரு நாளுக்கு ஓர் ஊர், அந்த ஊரில் நிதானமாக ஒரு வேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை உடம்பு தெளிவாக இருக்கும்.

திருப்பூருக்கு நடுவே நொய்யல் ஓடினாலும் ஊர் மக்கள் ஓய்வெடுக்க அதன் கரைக்குப் போவதில்லை. பல ஆண்டுகள் கலந்த சாயக்கழிவு அந்த ஆற்றைக் கெடுத்தது. பாசனத்துக்காக 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆற்றில் குளிக்கவும் கரையில் உட்கார்ந்து மீன் சாப்பிடவும் விரும்புகிறவர்கள் இன்றும் தெற்கே அமராவதிக்கோ வடக்கே பவானிக்கோ போகிறார்கள். சொந்த ஆற்றை இழந்த ஊருக்கு அக்கம்பக்கத்துச் சிற்றூர்கள்தான் ஆறுதல்.

அரை நாளில் போய்வர

அரை நாள் மட்டுமே கிடைக்கும்போது ஊத்துக்குளிச் சாலையில் சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டிய நஞ்சராயன் குளம் ஏற்ற இடம். 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நாமக்கோழி ஆகியவற்றை இங்கே காணலாம். குளிர்காலத்தில் இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் இறங்குவதுண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். பொழுது விடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் போனால்தான் பறவைகளை அருகில் பார்க்கலாம். வெயில் ஏறிய பின் அவை குளத்தின் நடுவுக்கு நகர்ந்துவிடும். குளக்கரையில் சாப்பாட்டை எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலும் தொலைநோக்கியும் இருந்தால் போதும்.

அங்கிருந்து அதே சாலையில் மேலே போனால் ஊத்துக்குளி. எருமைப் பாலில் எடுக்கும் வெண்ணெயும் நெய்யும் இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவை. கதித்தமலை வெற்றி வேலாயுதசாமி கோயிலில் தரிசனம் முடித்துவிட்டு, ஊருக்குள் நெய்த் தோசையோ நெய்ப் பொங்கலோ சாப்பிட்டுத் திரும்புவது அரை நாளுக்கு அளவான வேலை. வெண்ணெய் வாங்குகிறவர்கள் அதைக் கடைசியில் வாங்க வேண்டும். வெயிலில் வண்டிக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் உருகிவிடும். கோவை–ஈரோடு ரயில் பாதையில் ஊத்துக்குளிக்கு நிலையம் உண்டு. ஆனால் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. குழந்தைகளுக்கு ரயில் காட்ட நினைக்கிறவர்கள் அங்கிருந்து ஊருக்குப் போக வண்டியும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மேற்குப் பக்கம் அவிநாசி. சுந்தரர் முதலை உண்ட பாலகனை மீட்டதாகச் சொல்லப்படும் தலம் இது. கொங்கு நாட்டின் ஏழு பாடல் பெற்ற தலங்களில் அவிநாசியும் ஒன்று, வழியில் உள்ள திருமுருகன்பூண்டியும் ஒன்று. பூண்டியில் சாலையோரச் சிற்பக் கூடங்களில் கருங்கல்லில் உளி வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கோயில்கள் மதியம் நடை சாத்துவதால், காலையில் பூண்டி, பின் அவிநாசி, பிறகு சாப்பாடு என்ற வரிசை ஒத்துவரும். சித்திரைத் தேர்த் திருவிழாவின்போது தேர் பார்க்கவே போக வேண்டும். நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட அப்போது இடம் கிடைக்காது.

கிழக்கே ஒரு நாள்

காங்கேயம் பக்கம் ஒரு முழு நாளுக்கு விஷயம் உண்டு. சிவன்மலை முருகன் கோயிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்ற கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருள், சாமியிடம் பூக்கேட்டு உத்தரவு கிடைத்த பின் அதில் வைக்கப்படும். அடுத்த பொருள் வரும் வரை அதுவே இருக்கும். மலை உச்சிவரை வாகனம் போவதால் வயதானவர்களையும் கூட்டிச் செல்லலாம். காங்கேயம் காளைகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சித்திரை மாதக் கண்ணபுரம் மாட்டுச் சந்தை தகுந்த இடம். மற்ற நாட்களில் முள்வேலி போட்ட கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் மேய்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஊர் முழுக்க அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும் இருப்பதால் தேங்காய் எண்ணெய் வாங்கி வருவது வழக்கம்.

சென்னிமலையும் இதே திசைதான். கந்த சஷ்டி கவசம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் மலைக்கோயில் மேலே, கைத்தறிப் போர்வை நெய்யும் தெருக்கள் கீழே. பனியன் தைக்கிறவர்களுக்கு இன்னொரு நெசவு ஊரைப் பார்ப்பதில் தனி ஈடுபாடு இருக்கும். கூட்டுறவுச் சங்கக் கடைகளில் போர்வை வாங்கினால் தறிக்காரருக்குச் சேர வேண்டியது சேரும்.

தெற்கே: திருமூர்த்திமலையும் அமராவதியும்

இந்த வட்டாரத்தில் ஒரு முழு ஞாயிற்றைச் செலவழிக்கத் தகுந்தது உடுமலைப்பேட்டைப் பக்கம்தான். பல்லடம் வழியாக உடுமலைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து திருமூர்த்திமலை 20 கிலோமீட்டர், அமராவதி அணை 25 கிலோமீட்டர் அளவில். இரண்டும் வெவ்வேறு சாலைகளில் இருப்பதால், குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு முறைக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது.

திருமூர்த்திமலையில் அமணலிங்கேசுவரர் கோயில் அடிவாரத்தில் இருக்கிறது. பஞ்சலிங்க அருவிக்குக் கோயிலிலிருந்து மலைப்பாதையில் நடக்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு விவசாயிகள் மாட்டுவண்டி கட்டி வரும் தலம் இது. அன்று கூட்டம் கட்டுக்கடங்காது. அருவியில் மனதில் வைக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அடிவாரத்தில் வெயில் அடித்தாலும், மேலே குருமலைப் பக்கம் மழை பெய்தால் காட்டாற்றில் சட்டென்று வெள்ளம் இறங்கும். சில சமயம் கோயிலையே சூழ்ந்துவிடும். தண்ணீர் கலங்கலாக மாறினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும் அந்த நொடியே கரையேற வேண்டும். குளிக்கத் தடை போட்டிருந்தால் ஊழியர்களிடம் வாதாடக் கூடாது. குரங்குகள் பையைப் பறிக்கும். தின்பண்டத்தைக் கையில் பிடித்தபடி நடக்கக் கூடாது.

அமராவதி அணை 1957-இல் கட்டப்பட்டது. அணையை ஒட்டி வனத்துறையின் முதலைப் பண்ணையும் பூங்காவும் இருக்கின்றன. சதுப்புநில முதலைகள் அசையாமல் கிடப்பதைப் பார்க்கக் குழந்தைகளுக்கு அலுக்காது. அணைப் பகுதியில் கிடைக்கும் வறுத்த மீனில் பெரும்பங்கு அமராவதி ஜிலேபி மீன். செதில் எடுத்து, மசாலா தடவிக் கண் முன்னே வறுக்கும் கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பே பாதி வறுத்துக் குவித்து வைத்ததைச் சூடுபடுத்தித் தரும் கடையைத் தவிர்ப்பது வயிற்றுக்கு நல்லது. எண்ணெய் கறுத்திருந்தால் வாசனையே காட்டிக்கொடுக்கும்.

வடக்கே கொடிவேரியும் மலைமேல் இரண்டு நாளும்

கோபிசெட்டிபாளையத்தைத் தாண்டிப் பவானி ஆற்றில் இருக்கும் கொடிவேரி அணைக்கட்டில், அருவி போல விழும் தண்ணீரில் குளிக்கலாம். பரிசலும் உண்டு, மீன் வறுவல் கடைகளும் வரிசையாக உண்டு. பவானிசாகரில் தண்ணீர் அதிகம் திறக்கும் நாட்களில் இங்கே அனுமதி இருக்காது. கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு நடுப்பகலில் கூட்டம் மிகுந்துவிடும் என்பதால் காலையிலேயே குளித்து முடித்து, கோபியில் மதியச் சாப்பாடு வைத்துக்கொள்வது வசதி.

தீபாவளி, பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் கிடைத்தால் உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர், காந்தளூர் போகலாம். காடு வழியான இந்தச் சாலையில் யானைகள் குறுக்கே வரும். பொழுது சாயும் முன் சோதனைச் சாவடியைக் கடந்துவிட வேண்டும்; வழியில் இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தைக் கரும்பு காய்ச்சும் கொட்டகையிலேயே சூடாக வாங்கலாம்.

சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது

கொங்குச் சமையலில் மசாலாப் பொடி குறைவு. கடலை எண்ணெய், தேங்காய், சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், மஞ்சள் இவைதான் கைமுதல். இந்த வழியில் உருவான பள்ளிபாளையம் சிக்கன், கொட்டை நீக்கிய வற்றலும் தேங்காய்ச் சில்லும் சேர்த்துச் செய்வது. சாந்து போலக் குழம்பு கட்டி வந்தால் அது வேறு ஏதோ பதார்த்தம். சைவத்தில் அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம், தேங்காய்ப் பாலோடு சந்தகை, ஒப்புட்டு ஆகியவற்றைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். பலகையில் எழுதாவிட்டாலும் 'இன்னைக்கு என்னங்க விசேஷம்' என்று கேட்டால் சமையற்கட்டிலிருந்து பதில் வரும். முட்டைக் கலக்கி இந்தப் பக்கத்து மெஸ்களின் தனிச் சுவை. அதைச் சூடு ஆறும் முன் சாப்பிட்டுவிட வேண்டும்.

சிற்றூர் மெஸ்களுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. காலை டிபன் பத்தரை, பதினொன்றுக்கு முடியும். மதியச் சாப்பாடு சூடாக இருப்பது ஒரு மணிக்கு முன்னும் பின்னும். இரண்டரைக்குப் போனால் கறி தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சும். மாலை ஆறரைக்கு மேல் பரோட்டாக் கல் சூடேறும். நகரத்து ஓட்டல் போல எந்த நேரமும் எல்லாம் கிடைக்கும் என்று போகிறவர்கள் பசியோடு திரும்புவார்கள். பத்துப் பேருக்கு மேல் போவதாக இருந்தால் முதல் நாளே போனில் சொல்லிவிட வேண்டும். நாட்டுக்கோழி வேக நேரம் பிடிக்கும்; அதைக் குளிக்கப் போகும் முன்பே சொல்லிவிட்டுப் போவது அனுபவசாலிகள் வழக்கம்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் இல்லை என்பதால் சிறு மெஸ்கள் குறைவாகச் சமைக்கும், சில மூடியே இருக்கும். கிருத்திகை, சஷ்டி நாட்களில் முருகன் மலையடிவாரங்களில் இலைபோட்டுச் சாப்பிட வரிசை நிற்கும். உள்ளூர்ச் சந்தை நாளில் போனால் காய்கறியும் புதிது, சாப்பாடும் புதிது.

செலவும் திரும்புதலும்

தனியாகக் கார் பிடிப்பதைவிட, ஒரே லைனில் வேலை பார்க்கும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பேசுவது மலிவு. பேரம் பேசும்போதே டீசல், சுங்கக் கட்டணம், டிரைவர் சாப்பாடு, திரும்பும் நேரம் நான்கையும் தெளிவாக்கிக்கொண்டால் பிறகு மனக்கசப்பு வராது. பஸ்ஸில் போகிறவர்கள் உடுமலை, கோபி போன்ற ஊர்களில் இறங்கி டவுன் பஸ் மாற வேண்டும். இறங்கியதும் திரும்பும் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்வது முக்கியம். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் தெரியாமல் வேலை பார்க்கும் தோழர்களையும் இந்தப் பயணங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊரை உருவாக்குவதில் பங்குள்ளவர்களுக்கு ஊரின் மலையும் தண்ணீரும் தெரியாமல் போவது நியாயமல்ல.

நொய்யலுக்கு நேர்ந்தது மற்ற நீர்நிலைகளுக்கு நேராமல் இருக்க, அருவியில் சோப்பும் ஷாம்பூவும் தவிர்த்து, இலை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பையில் கட்டித் திரும்ப எடுத்து வர வேண்டும். மாலை நான்கு, நான்கரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் வீடு சேரலாம். இரவுச் சாப்பாட்டை லேசாக முடித்துவிட்டு நேரத்தில் படுத்தால், காலையில் மெஷின் ஓடத் தொடங்கும்போது களைப்பு இருக்காது.