வீட்டைச் சுற்றி நெடுந்தூரம்: ஊரடங்குக் காலத்துச் சைக்கிள் சவாரி பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், கொரோனாப் பரவலை முன்னிட்டு ஐரோப்பிய தேசங்கள் பலவற்றில் கடைகளும் கோவில்களும் விளையாட்டு மைதானங்களும் ஒருங்கே கதவடைத்துக்கொள்ள, ரயில்கள் ஆளில்லாத பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடிய நாட்களில், கொட்டகை மூலையில் தூசி படிந்து கிடந்த சைக்கிள்களைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து வீதிக்கு இறங்கியவர்களின் தொகை ஒரு தலைமுறை காணாத அளவுக்குப் பெருகிற்று. பிரிட்டனில் மட்டும் அவ்வாண்டு சைக்கிள்கள் ஓடிய மொத்தத் தூரம் சுமார் 500 கோடி மைல். முந்திய ஆண்டைக் காட்டிலும் அது 46 சதவீதம் அதிகம். இத்தனை பேர் ஒரே சமயத்தில் ஒரு காரியத்தில் இறங்கும்போது அதைப் பற்றிய அபிப்பிராயங்களும் கூடவே பெருகுவது இயல்புதான். ஆனால் அவற்றுள் பல, கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கி ஆண்டுகள் கழிந்த பின்னும், நிரூபிக்கப்பட்ட உண்மைகளைப் போலவே பேசப்பட்டு வருகின்றன. அவற்றைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் ஒன்றே என்பது விளங்கும்: ஒருவர் எவ்வளவு தூரம் மிதித்தார் என்பதையும், வீட்டை விட்டு எவ்வளவு தூரம் விலகினார் என்பதையும் ஜனங்கள் ஒன்றாகவே எண்ணிவிட்டார்கள்.

"சிறு வட்டத்துக்குள் நீண்ட சவாரி சாத்தியமே இல்லை" என்பது அவற்றுள் முதலாவது. அயர்லாந்தில் 2020 மார்ச் 27ஆம் தேதி பிரதமர் லியோ வராட்கர் அறிவித்த கட்டுப்பாட்டின்படி, தேகாப்பியாசத்துக்காக வெளியே செல்பவர் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. மே 5ஆம் தேதி அந்த எல்லை 5 கிலோமீட்டர் ஆயிற்று. தேசப்படத்தில் தம் வீட்டை மையமாக வைத்து வட்டம் போட்டுப் பார்க்கும் பழக்கம் அந்நாட்டில் அப்போது வீட்டுக்கு வீடு பரவியது. கடற்கரையோரம் குடியிருந்தவர் தம் வட்டத்தில் பாதி கடலுக்குள் போய்விட்டதைக் கண்டு நொந்துகொண்டார். மீதிப் பாதியிலும் தனியார் நிலமும் சதுப்பும் வேலியும் கழிந்தது போக என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

எனினும் கணிதம் அவ்வளவு இரக்கமற்றதன்று. 2 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 12.5 சதுர கிலோமீட்டர்; ஆரம் 5 ஆனவுடன் பரப்பு 78.5 சதுர கிலோமீட்டராக, அதாவது ஆறு மடங்குக்கும் மேலாக விரிந்துவிடுகிறது. அந்தப் பெரிய வட்டத்தின் விளிம்பை மட்டும் ஒரு முறை சுற்றிவரக் கூடுமானால் அதுவே 31 கிலோமீட்டர். உள்ளே கிடக்கும் கிராமச் சந்துகளையும், ஒரு பண்ணை வாசலோடு முடிந்துபோகும் முட்டுச் சந்துகளையும், இதுவரை காரில் கடந்துபோகையில் திரும்பிக்கூடப் பாராத ஏற்றங்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்துக் கோத்தால், ஒரு முழுக் காலைப் பொழுதுக்குப் போதுமான வழி யாருக்கும் கிடைக்கும். அலுப்புத் தட்டும் என்பது உண்மைதான். ஒரே திருப்பத்தில் அதே நாய் மூன்றாம் முறையும் அதே சினத்தோடு குரைப்பதைக் கேட்டவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அலுப்பு வேறு, சாத்தியமின்மை வேறு.

சிறிய இடத்தில் எவ்வளவு நீண்ட சவாரி செய்ய முடியும் என்பதற்கு எல்லையே ஒரு விதத்தில் எவரெஸ்ட் சிகரம்தான். ஒரே ஒரு மேட்டுப் பாதையைத் தேர்ந்துகொண்டு, ஏறிய மொத்த உயரம் 8,848 மீட்டர் ஆகும் வரை அதிலேயே ஏறி இறங்கும் 'எவரெஸ்டிங்' என்னும் சாகசத்தை, எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மாலரியின் பேரர், அதே பெயருடையவர், 1994இல் ஆஸ்திரேலியாவின் டோனா புவாங் மலையில் செய்து காட்டினார். அதற்கு விதிமுறைகள் வகுத்து உலகெங்கும் பரப்பியது 2014இல் ஆண்டி வான் பெர்கன் என்பவர். பந்தயங்கள் யாவும் ரத்தாகிக் கிடந்த 2020இல் தொழில்முறை வீரர்களும் இதில் குதித்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் ஸ்பெயினின் ஆல்பர்ட்டோ கொன்டடோர் எட்டிய சாதனையை, அதே மாத இறுதியில் அயர்லாந்தின் டோனகால் பிரதேசத்து மமோர் கேப் என்னும் செங்குத்தான சாலையில் ரோனன் மக்லாஃப்லின் 7 மணி 4 நிமிஷத்தில் முறியடித்தார். அவர் ஏறி இறங்கிய பாதையின் நீளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

"ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்று பிரிட்டனில் சட்டமே இருந்தது" என்று இன்றும் பலர் சாதிக்கிறார்கள். மார்ச் 23ஆம் தேதி இரவு பிரதமர் போரிஸ் ஜான்சன் ஆற்றிய உரையில், ஓட்டம், நடை, சைக்கிள் போன்ற ஒரு தேகாப்பியாசத்துக்கு நாளுக்கொரு முறை வெளியே செல்லலாம் என்றார். நேரத்தையோ தூரத்தையோ அவர் குறிப்பிடவில்லை. மார்ச் 26ஆம் தேதி இங்கிலாந்தில் அமுலுக்கு வந்த சட்ட விதிகளிலோ 'நாளுக்கொரு முறை' என்பதுகூட இல்லை. வேல்ஸ் விதிகளில்தான் அது இருந்தது. ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? மூன்று நாள் கழித்து அமைச்சர் மைக்கேல் கோவ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பெரும்பாலோருக்கு ஒரு மணி நேர நடையோ, அரை மணி நேர ஓட்டமோ, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சைக்கிள் சவாரியோ போதும் என்று தாம் நினைப்பதாகச் சொன்னார். அமைச்சரின் சொந்த அபிப்பிராயம் அடுத்த வீட்டுக்காரர் வாயில் சட்டமாகிவிட்டது. ஜன்னல் திரையை விலக்கி, எதிர்வீட்டுப் பையன் எத்தனை மணிக்குப் போனான், எத்தனை மணிக்குத் திரும்பினான் என்று கணக்கெடுத்தவர்களுக்கு அந்த வசந்த காலத்தில் பஞ்சமே இருக்கவில்லை.

2021 ஜனவரியில் இதே குழப்பம் பிரதமரையே பிடித்துக்கொண்டது. அவர் தம் இல்லத்திலிருந்து சுமார் ஏழு மைல் தொலைவிலுள்ள ஒலிம்பிக் பூங்காவில் சைக்கிள் ஓட்டியதாகச் செய்தி வெளிவந்தபோது பெரும் கூச்சல் எழுந்தது. லண்டன் போலீஸ் தலைவர் கிரெசிடா டிக், அது சட்டத்துக்கு மாறானதன்று என்று விளக்க வேண்டியதாயிற்று. 'உள்ளூரிலேயே இருங்கள்' என்பது அரசாங்கத்தின் வேண்டுகோள். மீறினால் அபராதம் விதிக்கத்தக்க விதி அன்று. வேண்டுகோளுக்கு இணங்குவது நற்குடிமகனின் கடமை என்று வாதிடலாம். நானும் அப்படியே கருதுகிறேன். ஆனால் கடமை என்று சொல்ல வேண்டிய இடத்தில் குற்றம் என்று சொல்வது நேர்மையாகாது.

எல்லா நாடுகளும் இப்படி இளகிய மனத்தோடு இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினில் மார்ச் நடுவிலிருந்து மே 2ஆம் தேதி வரை தேகாப்பியாசத்துக்காக வெளியே கால்வைக்கவே பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. பெல்ஜியத்திலோ அதே நாட்களில் சைக்கிள் ஓட்டுவதற்குத் தடையே கிடையாது. பிரான்ஸில் ஒரு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், கையில் அனுமதிச் சீட்டு என்ற விதி இருந்தது. அதற்கு மேல், உல்லாசச் சைக்கிள் சவாரி அறவே கூடாதென்று அதிகாரிகள் சொல்லி வந்தார்கள். சைக்கிள் உபயோகிப்போர் சம்மேளனம் வழக்குத் தொடுத்தது. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2020 ஏப்ரல் 30ஆம் தேதி, அனுமதிக்கப்பட்ட எந்தப் பிரயாணத்துக்கும் சைக்கிளை உபயோகிக்கலாம் என்பதை 24 மணி நேரத்துக்குள் பகிரங்கமாக அறிவிக்கும்படி அரசாங்கத்துக்கு ஆணையிட்டது. ஒரே வியாதி, ஒரே வாகனம், அண்டை நாடுகள். விதிகளோ வானுக்கும் பூமிக்குமாக வேறுபட்டன. இவற்றை வகுத்தது சாஸ்திரம் அன்று, ஒவ்வொரு நாட்டு நிர்வாகத்தின் சுபாவமே என்று துணிந்து சொல்லலாம்.

சாஸ்திரத்தின் பெயரால் பரவிய ஒன்றையும் பார்ப்போம். "முன்னால் செல்லும் சைக்கிளோட்டியிடமிருந்து 20 மீட்டர் விலகியிராவிட்டால் தொற்று நிச்சயம்" என்று 2020 ஏப்ரலில் ஒரு படம் உலகைச் சுற்றி வந்தது. ஓடுகிறவன் வாயிலிருந்து வண்ணப் புள்ளிகள் வால்நட்சத்திரம் போல் பின்னோக்கி நீளும் அந்தப் படத்தைக் கண்டு நடுங்கியவர் பலர். அதைச் செய்தவர் பெர்ட் ப்ளோக்கன் என்னும் காற்றியக்கப் பொறியியல் பேராசிரியர்; நேர் பின்னால், முன்னவர் கிழித்த காற்றின் தடத்திலேயே தொடர்பவர் மேல் உமிழ்நீர்த் துளிகள் எவ்வளவு தூரம் வரை படக்கூடும் என்பதே அவர் கணினியில் கணித்தது. அத்துளிகளில் கிருமி எவ்வளவு, அது நோயை உண்டாக்கப் போதுமா என்ற கேள்விக்குள் அவர் ஆய்வு புகவே இல்லை. சக அறிஞர்களின் பரிசீலனைக்கு முன்பே அது செய்தியாகிவிட்டது. பக்கவாட்டில் விலகிச் சென்றாலே அத்தடம் தீண்டாது என்பதும் அதே ஆய்வில் இருந்தது. அதை யாரும் படம் போட்டுப் பரப்பவில்லை. வயல் நடுவே தனியாக மிதித்துச் செல்பவருக்கு இருபது மீட்டரும் ஒன்றுதான், இருநூறு மீட்டரும் ஒன்றுதான். திறந்த வெளியில் தொற்றும் அபாயம் மூடிய அறையில் இருப்பதைவிட மிகக் குறைவு என்பது பின்னர் உறுதிப்பட்டது.

இவற்றையெல்லாம்விட மரியாதைக்குரிய நம்பிக்கை ஒன்று உண்டு. வைத்தியர்களே சிலர் அதை நம்பினார்கள் என்பதால் அதற்குச் சற்று அதிக இடம் கொடுக்க வேண்டும். "நெடுநேரம் கடுமையாக உழைத்தால் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி சில மணி நேரம் குன்றிவிடும், அந்தத் திறந்த ஜன்னல் வழியே நோய் புகுந்துவிடும்" என்பது அது. இதற்குப் பெரிதும் சான்றாகக் காட்டப்பட்டது 1987ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தான். அதில் ஓடியவர்களில் 12.9 சதவீதத்தினர் அடுத்த வாரத்தில் ஜலதோஷம் முதலிய உபாதைகள் கண்டதாகச் சொன்னார்கள்; ஓடாமலிருந்த, அவர்களையொத்த ஓட்டக்காரர்களிடையே அது 2.2 சதவீதமே என்று டேவிட் நீமன் குழுவினர் கண்டார்கள். ஓடியவர்கள் வாயால் சொன்னதே ஆதாரம். தொண்டைக் கரகரப்பு கிருமியால் வந்ததா, வறண்ட காற்றை மணிக்கணக்கில் இழுத்ததால் வந்ததா என்று சோதித்தறியப்படவில்லை. அன்றியும், மாரத்தான் என்பது பல்லாயிரம் பேர் தோளோடு தோள் நெருங்கி நிற்பது. முன்னிரவு தூக்கம் கெட்டு, வெளியூரிலிருந்து வந்து கூடுவது. நோய்க்குக் காரணம் ஓட்டமா, கூட்டமா?

இன்னொரு சான்றும் இருந்தது. கடும் உழைப்புக்குப் பின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் ஒரு வகையின் எண்ணிக்கை, உழைப்புக்கு முன் இருந்ததைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. 2018இல் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கேம்ப்பெல், ஜேம்ஸ் டர்னர் இருவரும் இச்சான்றுகளை மறுபரிசீலனை செய்து, அந்த அணுக்கள் மடியவில்லை, நுரையீரலுக்கும் குடலுக்கும் காவல் காக்கப் போயிருக்கின்றன என்பதே பொருந்தும் விளக்கம் என்று எழுதினார்கள். எலிகளில் அணுக்களுக்கு அடையாளமிட்டுத் தொடர்ந்த ஆய்வுகள் அதற்குத் துணை நின்றன. பாசறையில் ஆள் குறைந்ததைக் கண்டு படையே அழிந்ததென்று ஓலமிட்டவர்கள், எல்லையில் போய் எண்ணிப் பார்க்கவில்லை. இக்கருத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. வாதம் முற்றாக முடிந்துவிடவில்லை. ஆயினும் தனியாகச் செய்யும் நீண்ட சவாரி தொற்றை வரவழைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்ற அளவுக்குத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

இதிலிருந்து மறுகோடிக்குத் தாவி, "தினம் மிதிப்பவனைக் கொரோனா அண்டாது" என்று மார்தட்டியவர்களுக்கும் ஆதாரமில்லை. தேகப் பயிற்சி உள்ளவர்களுக்கு நோய் சராசரியாகக் கடுமை குறைந்திருந்தது, வராமலிருக்கவில்லை. வந்தவர், காய்ச்சல் விட்ட மறுநாளே சைக்கிளில் ஏறியது வீரமும் அன்று, விவேகமும் அன்று. அந்நோய் சிலருக்கு இருதயத் தசையில் அழற்சியை உண்டாக்கிற்று.

கடைசியாக ஒன்று. "சாலைகள் வெறிச்சோடியதால் அதைப்போலப் பத்திரமான காலம் சைக்கிளோட்டிக்கு வாய்த்ததில்லை" என்று ஆர்வலர்கள் சொல்ல, "விழுந்து அடிபட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலை அடைத்துக்கொள்ளப் போகிறார்கள்" என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். வேல்ஸ் அரசாங்கம், நடந்தே வீடு திரும்பக்கூடிய தூரத்துக்குள் ஓட்டுங்கள் என்று சொன்னதில் மட்டும் காரியார்த்தமான புத்தி இருந்தது: டயர் பஞ்சரானால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம், வண்டி அனுப்பி அழைத்துக்கொள்ள இன்னொருவரைத் தொல்லைப்படுத்த வேண்டாம். வட்டத்துக்குள் நீண்ட சவாரி செய்தவரும் அந்த நிபந்தனைக்கு உட்பட்டவரே. மற்றபடி இரு தரப்பாரும் கணக்கைப் பார்க்கவில்லை. 2020இல் பிரிட்டனில் மோட்டார் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சாலை விபத்தில் மாண்டவர்களின் மொத்தத் தொகை 1,752இலிருந்து 1,460ஆக இறங்கிற்று. மாண்ட சைக்கிளோட்டிகளோ 100இலிருந்து 141ஆக ஏறினார்கள். ஓடிய தூரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் ஏறியிருந்ததால், மைலுக்கு மைல் கணக்கிட்டால் சாவின் விகிதம் முன்பிருந்த அளவிலேயே நின்றது. சாலையில் கார்கள் குறைந்ததன் லாபம் சைக்கிளோட்டியின் உயிருக்குப் போய்ச் சேரவில்லை.