உருளைக் கட்டா, சதுரக் கட்டா? தோவாளை வயலுக்கு ஏற்ற வைக்கோல் பேலர்

தோவாளை வட்டாரத்தில் வருடத்துக்கு இரண்டு அறுப்பு. புரட்டாசியை ஒட்டிக் கன்னிப்பூ, மாசியை ஒட்டிக் கும்பப்பூ. ஆள் வைத்து அறுத்து, களத்தில் சூடடித்து, முற்றத்தில் படப்பு போட்ட காலத்தில் வைக்கோலுக்கென்று தனிக் கவலை இருந்ததில்லை. நெல்லோடு சேர்ந்தே அது வீட்டுக்கு வந்துவிடும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு நெல் மட்டும் சாக்குக்குப் போகிறது, வைக்கோல் வயலிலேயே வரிசையாகக் கிடக்கிறது. அதை அள்ள மறுபடியும் ஆள் தேடினால், கூலிக்கே வைக்கோல் விலை போதாது. வைக்கோலை அள்ளிக் கட்டிப் போடும் பேலர் இல்லாமல் இன்று மாட்டுக்காரர் காலம் தள்ள முடியாது. எந்த பேலர், அதை வாங்குவதா, வாடகைக்கு அழைப்பதா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சிறிய உருளை பேலர். டிராக்டருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வரும். தரையில் கிடக்கும் வைக்கோலைக் கொக்கிப் பற்களால் அள்ளி, உருளைகளுக்கு நடுவே பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டும். கட்டு நிறைந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். கயிறு சுற்றி முடிந்ததும் பின்கதவு திறந்து கட்டு வெளியே விழும். இன்னொன்று சதுர பேலர். இதில் ஒரு கனத்த தண்டு முன்னும் பின்னும் ஓடி வைக்கோலை இடித்து இடித்துப் பெட்டிக்குள் தள்ளும். போதிய நீளம் வந்ததும் முடிச்சுப் போடும் கருவி தானே கயிறு கட்டிவிடும். வண்டி நிற்கவே வேண்டாம்.

இரண்டும் அமெரிக்க விவசாயிகளின் கைவேலையில் பிறந்தவை. நெப்ராஸ்காவைச் சேர்ந்த உம்மோ லூபென் 1910-இல் உருளை பேலருக்குக் காப்புரிமை பெற்றார். அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் அதை 1947-இல் ரோட்டோ-பேலர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பென்சில்வேனியாவின் எட்வின் நோல்ட் 1937-இல் தானே முடிச்சுப் போடும் பேலரைச் செய்தார். நியூ ஹாலண்ட் நிறுவனம் 1940-இல் அதை விற்கத் தொடங்கியது. 1971-இல் அயோவாவின் கேரி வெர்மீர் கொண்டுவந்த பெரிய உருளைக் கட்டு, ஆள் உயரத்துக்கு, பல நூறு கிலோ எடையில் இருக்கும். பரந்த புல்வெளிகளுக்கு அது சரி. வரப்புக்கு வரப்பு பிரிந்து கிடக்கும் நாஞ்சில் நாட்டு வயலில் அதைத் தூக்கவும் வழியில்லை, திருப்பவும் இடமில்லை. அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

தேர்வை முதலில் முடிவு செய்வது தண்ணீர். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கோதையாறு பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை தண்ணீர் திறக்கிறார்கள். கும்பப்பூ அறுக்கும்போது சானல் அடைபடும் தறுவாயில் இருக்கும். வெயிலும் ஏறும், தரையும் இறுகும். கன்னிப்பூவின் கதை வேறு. அந்த அறுப்பு நடக்கும்போது சானலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், வானத்தையும் நம்ப முடியாது. சதுர பேலரின் எடை ஒரு டன்னைத் தாண்டும். சிறிய உருளை பேலர் ஏறக்குறைய அதில் பாதி. சேறு காயாத வயலில் சதுர பேலரை இறக்கினால் சக்கரம் புதைந்து நாள் போகும், வயலும் பள்ளமாகும். கன்னிப்பூ வைக்கோலையும் கட்ட நினைப்பவருக்கு உருளை பேலர்தான் வழி.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றையும் மறக்கக் கூடாது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று வைக்கோலைச் சீக்கிரம் உலர்த்தும், வரிசையையும் கலைத்துவிடும். கலைந்த வைக்கோலை ரேக் வைத்தோ ஆள் வைத்தோ திரும்ப வரிசையாக்காமல் பேலரை ஓட்டினால் பாதி தரையிலேயே தங்கிவிடும். மாசியில் காலைப் பனி இருக்கும். வெயில் ஏறி, வைக்கோலை முறுக்கினால் சலசலவென்று ஒடியும் பதம் வந்த பிறகே கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். மாட்டுக்குப் பூசண வைக்கோல் போடுவதைவிட அதைக் குப்பைக்குழியில் போடுவது நல்லது. இந்த விஷயத்தில் சதுரக் கட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும். இறுக்கம் அதிகம் என்பதால் உள்ளே அகப்பட்ட ஈரம் எளிதில் வெளியேறாது.

அடுத்தது, வைக்கோல் எங்கே போகிறது என்ற கேள்வி. உருளைக் கட்டு சுமார் 60 சென்டிமீட்டர் விட்டமும் 93 சென்டிமீட்டர் நீளமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கட்டு கால் கன மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தை அடைக்கும். 36-க்கு 46 சென்டிமீட்டர் முகமும் 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ள சதுரக் கட்டு அதில் பாதிக்குச் சற்று அதிகமான இடத்தில் அடங்கும். எடையோ இரண்டிலும் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோவுக்குள்தான். உருளைகளை அடுக்கும்போது இடையில் விழும் காலி இடமும் சேர்ந்துகொள்ளும். லாரியில் ஏற்றித் திருவனந்தபுரம் பக்கம் அனுப்புகிற வியாபாரிக்கு ஒவ்வொரு லோடிலும் இந்த வித்தியாசம் பணம். அவருக்குச் சதுரக் கட்டு லாபம்.

இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு பெரிதல்ல. பசும்புல்லோடு ஒரு மாடு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் தின்றால், 20 கிலோ கட்டு நான்கு நாளைக்கு வரும். ஏக்கருக்கு ஒரு டன் வைக்கோல் கையில் கிடைத்தால் 50 கட்டு. அதாவது ஒரு மாட்டுக்கு 200 நாள் தீனி. உருளையைக் கயிறு அறுத்து உருட்டிவிட்டால் வேண்டிய அளவு பிரித்து எடுக்கலாம், வீட்டுப் பெண்களும் உருட்டியே நகர்த்தலாம். ஓர் ஓரத்தில் கட்டை போட்டுத் தரையில் படாமல் அடுக்கி, மேலே தார்ப்பாய் கட்டினால் போதும்.

பழுது என்று வந்தால் உருளை பேலர் எளிது. அதில் முடிச்சுப் போடும் கருவியே கிடையாது, கயிற்றைச் சுற்றி வெட்டிவிடுவதோடு சரி. சதுர பேலரின் முடிச்சுக் கருவி நுட்பமானது. சற்றுத் தளர்ந்தாலும் கட்டு கட்டாக அவிழ்ந்து விழும். அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் அருகில் இருக்கிறாரா என்று பார்க்காமல் அதை வாங்கக் கூடாது. விலையும் உருளை பேலரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

கயிற்றில் சமரசம் வேண்டாம். சணல் கயிறு விலை கூடுதல்தான், பிளாஸ்டிக் மலிவுதான். ஆனால் வைக்கோலோடு மாட்டின் வயிற்றுக்குள் போன பிளாஸ்டிக் கயிறு செரிக்காது. அது சேர்ந்து சேர்ந்து அடைத்து, மாட்டின் உயிரையே எடுக்கும். வாடகைக்கு வரும் வண்டிக்காரரிடம் முதலிலேயே சணல் கயிறு வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். கட்டுக்கு இவ்வளவு என்று பேசினால் இன்னொன்றும் செய்ய வேண்டும். முதல் இரண்டு மூன்று கட்டுகளைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். உருளையின் அளவு மாறாததால், தளர்வாகச் சுருட்டியது வெளியே தெரியாது. கட்டு எண்ணிக்கை கூடும், கூலி கூடும், வைக்கோல் கூடாது.

50 சென்ட், 60 சென்ட் வைத்திருப்பவர் பேலருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வண்டி உள்ளே வர அடுத்தவர் வயலைத் தாண்ட வேண்டிய இடங்களில், மரப்பெட்டிக்குள் வைக்கோலை மிதித்து அடக்கிக் கையால் கட்டும் பழைய முறை போதும். படப்பு போடத் தெரிந்த கை வீட்டில் இருந்தால் அதுவே நல்லது.

எல்லா வைக்கோலையும் எல்லாப் பூவிலும் அள்ளிவிடவும் கூடாது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. மழையில் நனைந்த கன்னிப்பூ வைக்கோலைக் கட்டப் போராடுவதைவிட வயலிலேயே உழுதுவிட்டு, கும்பப்பூ வைக்கோலைக் கட்டுவது புத்திசாலித்தனம்.

வாங்குவதைப் பொறுத்தவரை, பேலருக்கு வேலை இருப்பது வருடத்தில் சில வாரங்கள்தான். மீதி நாள் கொட்டகையில் நிற்கும். தாமிரபரணிப் பகுதிக்கும் காவிரி டெல்டாவுக்கும் அறுப்பைத் தொடர்ந்து வண்டியைக் கொண்டுபோக முடிந்தவர் வாங்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், சேவை மையம் போன்ற கூட்டு முயற்சிகளுக்கும் அது பொருந்தும். 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. டிராக்டரின் குதிரைத்திறனையும் பார்க்க வேண்டும். உருளை பேலருக்கு 35 எச்.பி. அளவிலேயே ஓடும் மாடல்கள் இருக்கின்றன. சதுர பேலருக்கு 45 எச்.பி.க்குக் குறையாமல் வேண்டும்.

மற்ற எல்லோருக்கும் வாடகைதான் சரி. தோவாளையில் அது உருளை பேலராக இருக்கட்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியே பதிவு செய்யலாம். அறுப்புக்கு நாள் குறிக்கும் அன்றே பேலருக்கும் பதிவு செய்துவிடுங்கள்.