இதயமுடுக்கியும் தசை நலிவும்

இதயம் தன் துடிப்பைத் தானே பிறப்பிக்கும் உறுப்பாகும். வல மேலறையில் எழும் மின்துடிப்பு, 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்டறிந்த தசைக்கற்றை வழியே இறங்கி, இரு கீழறைகளையும் ஒருசேரச் சுருக்குகிறது. அவ்வழி அடைபடின் துடிப்பு தளரும்; மயக்கம் நேரும். 1958இல் சுவீடனில் ஆர்னே லார்சனுக்கு உடலினுள் முதன்முதலாகப் பொருத்தப்பெற்ற பேஸ்மேக்கர் என்னும் இதயமுடுக்கி இக்குறையைத் தீர்த்தது. கருவிகளை மாற்றி மாற்றி அவர் 2001 வரை வாழ்ந்தார்.

ஆயினும் இந்நன்மையினூடே ஓர் இடரும் உண்டு. முடுக்கியின் கம்பிமுனை வழக்கமாக வலக் கீழறையில் பதிகிறது. அங்கெழும் மின்னலை இயற்கைப் பாதையை விட்டுத் தசை வழியே மெல்லப் பரவுவதால், வலப்புறம் முந்தியும் இடப்புறம் பிந்தியும் சுருங்குகின்றன. பாகூர் வயலில் ஏர்மாடுகள் இரண்டும் ஒத்து நடவாவிடின் உழவு கெடுமன்றோ? அவ்வாறே சிலருக்கு இடக் கீழறை விரிந்து, நாளடைவில் தசை நலிகிறது.

இதற்கும் மாற்று உண்டு. ஹிஸ் கற்றையிலேயே கம்பியைப் பதிக்கும் முறையைப் பிரமோத் தேஷ்முக் குழுவினர் 2000இல் அறிவித்தனர். இரு கீழறைகளையும் ஒருங்கே முடுக்கும் கருவியும் உளது.

எனவே வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்களின் முதியோர் முடுக்கியை அஞ்சவும் வேண்டா. அதனைப் பொருத்தியபின் அயரவும் வேண்டா. மின்கலச் சோதனை கருவியின் நலத்தையே காட்டும். தசையின் நலத்தைக் காட்டுவது எக்கோ சோதனை. மூச்சிரைப்பையும் கால்வீக்கத்தையும் முதுமையென்று ஒதுக்காது, கோரிமேட்டு ஜிப்மர் போன்ற மருத்துவமனைக்கு அவர்களை அழைத்துச் செல்லுதல் மாணவராகிய நும் கடன்.